விம்பிள்டன் கோப்பை ஏன் கை நழுவிற்று?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாட்டுங்கா, செம்பூர் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "பையனுக்குக் கை நன்னா இருக்குன்னு கோச் சொல்றார். பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டு முழு நேரமும் டென்னிஸ்ல விடலாமா சார்?"

இதற்கு நம் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தால் போதும். ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். குமாரர் ரமேஷ் 1979-ல் அதையே வாங்கினார். இரண்டு தலைமுறைக்கு இப்படி ஒரு கை வாய்ப்பது அபூர்வம். ஆனால் பெரியவர்களுக்கான கோப்பை வீட்டுக்கு வரவில்லை. தகப்பனார் 1960-ல் ஃப்ரேசரிடமும் 1961-ல் லேவரிடமும் அரை இறுதியில் தோற்றார். அந்தந்த வருஷம் கோப்பையும் அவர்களுக்கே போயிற்று. 1962-ல் நாலாவது ஸீடாக இறங்கினார். கணுக்கால் அடிபட்டு விலக நேர்ந்தது. ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை.

ரமேஷின் கணக்கைப் பாருங்கள். 1981-ல் அமெரிக்க ஓபன் கால் இறுதியில் மெக்கன்ரோவிடமும், 1986-ல் விம்பிள்டன் கால் இறுதியில் ஜிவோஜினோவிச்சிடமும், 1987-ல் மறுபடி அமெரிக்காவில் எட்பெர்கிடமும் தோற்றார். மூவரும் சர்வீஸைப் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வருகிறவர்கள். பின்னாலிருந்தே பந்தைத் திருப்பி அனுப்பும் விலாண்டர் உலகின் முதல் ஆட்டக்காரராக இருந்தபோது, 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அவரை ரமேஷ் வீழ்த்தினார்.

டென்னிஸில் பந்து நம் கையிலேயே இருக்கும் ஒரே அடி சர்வீஸ். அது பலமாக இருந்தால் சில பாயிண்டுகள் இனாமாக வரும். கிருஷ்ணன்கள் இருவருக்கும் சர்வீஸ் மென்மை. ஒவ்வொரு பாயிண்டையும் உழைத்தே வாங்கவேண்டும். ஒரு நாள் அப்படி ஜெயிக்கலாம். 1987-ல் சிட்னி புல்தரையிலேயே டேவிஸ் கோப்பைக்காக ரமேஷ் ஜெயித்துக் காட்டினார். இரண்டு வாரத்தில் ஏழு மாட்ச், ஐந்து ஸெட் வரை என்றால் உடம்பு கணக்குக் கேட்கும்.

இங்கே வரும் பிள்ளைகளிடம் நான் காண்பது இது: கை நன்றாக இருக்கிற பையன் பன்னிரண்டு வயதில் சர்வீஸ் இல்லாமலே ஜெயித்துவிடுகிறான். ஜெயிக்கிறவனை யார் திருத்துவார்கள்? பதினெட்டில் எதிராளி ஆறடி வளர்ந்து நிற்கும்போதுதான் ஓட்டை தெரிகிறது.

நம் ஊரில் இடமும் சதி செய்கிறது. ஓரங்களையும் சேர்த்தால் ஒரு கோர்ட்டுக்கு 120 அடி நீளம், 60 அடி அகலம் வேண்டும். தாராவியில் அந்த இடத்தில் பத்துக்குப் பத்து அறைகள் 72 அடங்கும். காம்பவுண்டுச் சுவரில் பந்தைத் தட்டிப் பழகுகிற குழந்தைக்குக் கை நயம் வரும், சர்வீஸ் வராது. வாடகைக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்திலும் கோச் நான்கு பேரை நிறுத்தி ராலிதான் ஆட வைக்கிறார்.

ஆகவே படிப்பை நிறுத்துமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பையன் களைத்துப்போன மூன்றாவது ஸெட்டில் அவனுடைய இரண்டாவது சர்வீஸை மட்டும் பாருங்கள். எதிராளி இரண்டடி முன்னால் வந்து நின்றுகொண்டால் ஸ்கூல் ஃபீஸைக் கட்டிவிட்டு, கோர்ட் காலியாக இருக்கும் மத்தியான வேளையில் ஒரு கூடைப் பந்துடன் அவனைத் தனியாக அனுப்புங்கள். சர்வீஸ் பழகத் துணைக்கு ஆள் வேண்டாம்.