ஜடேஜா குறைத்துக்கொண்ட நான்கு கோடி எங்கே போனது?

(நம் குடியிருப்பின் பொங்கல் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில கணக்குகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றிப் பேசுங்கள் என்றுதான் செயலாளர் என்னைக் கேட்டார். நம் வாட்ஸ்அப் குழுவில் நவம்பரிலிருந்து தண்ணீர் லாரி அறிவிப்புக்கும் லிஃப்ட் ரிப்பேர் அறிவிப்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பது ஜடேஜா சண்டைதான். அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன் என்றேன். சரி, கணக்கோடு பேசுங்கள் சார், கோபமாகப் பேசாதீர்கள் என்று அனுமதி கொடுத்தார்.

நான் கிரிக்கெட் நிபுணன் இல்லை. பி.காம். படித்து, நம் போடியிலேயே வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது பற்றும் வரவும். அதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

நடந்தது இது. 2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கியது. சாம்சனின் சம்பளம் 18 கோடி, அதில் மாற்றம் இல்லை. கரனுக்கு 2.40 கோடி, அதிலும் மாற்றம் இல்லை. ஜடேஜாவுக்கு மட்டும் 18 கோடி என்பது 14 கோடி ஆனது.

"இரண்டு பேரைக் கொடுத்து ஒருத்தரை வாங்கியது நஷ்டம்" என்று மூன்றாம் மாடி சொல்கிறது. "37 வயது ஆகப்போகிறவரைக் கொடுத்து 31 வயதுக்காரரை, அதுவும் விக்கெட் கீப்பரை வாங்கியது லாபம்" என்று தரைத்தளம் சொல்கிறது. சாம்சன் கேரளத்துக்காரர், மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை என்பதால் இரண்டாம் மாடி முழுக்க மௌனம். எல்லோரும் ஆளை எடை போடுகிறார்கள். பர்ஸை யாரும் எடை போடவில்லை.

பர்ஸ் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின் ஏலம் நடப்பது இரண்டே ஊர்களில். ஒன்று மலைக்கு மேலே புற்றடி, இன்னொன்று நம் போடி. வியாபாரி முன்னால் மாதிரிக் காய் வருகிறது. கையில் எடுத்துப் பார்க்கிறார், முகர்கிறார், பட்டனைத் தட்டுகிறார். அந்தப் பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். வங்கி கொடுத்த கேஷ் கிரெடிட் லிமிட் இருக்கிறது. சரக்கு இருப்புக்குத் தக்கபடி இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற டிராயிங் பவர் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

என் கவுன்டருக்கு வந்துகொண்டிருந்த ஒரு வியாபாரியைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். காலையில் வந்த முதல் நல்ல லாட்டிலேயே, கெட்டி எட்டு எம்எம் பச்சைக் காயைப் பார்த்ததும் மனிதருக்குக் கை நிற்காது. லிமிட் பாதி போய்விடும். மத்தியானம் அதே தரத்துக் காய் கிலோவுக்கு எண்பது, நூறு குறைவாக வரும்போது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். மறுநாள் என்னிடம் வந்து, "சார், காலையில் வாங்கினதும் நல்ல காய்தான், ஆனா எனக்கு விலை அது இல்லை" என்பார். அவர் வாங்க முடியாமல் போன மத்தியானத்துக் காயும் சேர்ந்ததுதான் அவருடைய அடக்கவிலை. நான் பி.காமில் மூன்று வருடம் படித்ததை அவர் ஒரே வரியில் சொன்னார்.

ஐ.பி.எல். அணிகளும் இப்படித்தான். 2026 சீசனுக்கு ஓர் அணியின் பர்ஸ் 125 கோடி. ஒருவருக்கு 18 கோடி கொடுத்தால் மற்ற எல்லோருக்கும் சேர்த்து 107 கோடிதான். 18 கோடிக்கு அவர் தகுதியானவரா என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. அந்த 18 கோடியில் வேறு யாரை வாங்கியிருக்கலாம் என்பதையும் கேட்க வேண்டும்.

இந்த விளையாட்டில் சென்னை கெட்டிக்கார அணி. 2024இல் ஐந்து வருடம் சர்வதேசப் போட்டி ஆடாத இந்திய வீரரைப் புதுமுகமாகக் கணக்கிடலாம் என்ற விதி திரும்ப வந்தது. தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அவருடைய சம்பளம் 12 கோடி. ஆள் அதேதான், பர்ஸில் மட்டும் 8 கோடி இடம் கிடைத்தது.

இப்போது டிரேடின் ஐந்தொகையைப் பாருங்கள். இதை நான் பேரனின் கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

சென்னையின் புத்தகத்தில் முன்பு ஜடேஜா 18, கரன் 2.40, ஆக 20.40 கோடி. இப்போது சாம்சன் 18. மிச்சம் 2.40 கோடி.

ராஜஸ்தானின் புத்தகத்தில் முன்பு சாம்சன் 18. இப்போது ஜடேஜா 14, கரன் 2.40, ஆக 16.40. மிச்சம் 1.60 கோடி.

கொடுக்கல் வாங்கலில் ஒருவருக்கு மிச்சம் என்றால் இன்னொருவருக்குச் செலவாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு பேருக்கும் மிச்சம். 2.40ஐயும் 1.60ஐயும் கூட்டினால் சரியாக 4 கோடி. ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்த தொகை! இரண்டு முதலாளிகளும் கைகுலுக்கிக்கொண்ட அந்த லாபத்தின் மொத்தத்தையும் கொடுத்தது ஜடேஜாவின் பாக்கெட்.

வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேடு நடக்காது. ஆகவே அவர் கையெழுத்துப் போட்டுத்தான் போயிருக்கிறார். அவரை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் சென்னை பெரிய மனது வைத்து அனுப்பியது என்று ஒரு செய்தி சுற்றியதே, அந்தப் பெரிய மனதின் விலையைக் கட்டியது யார் என்று கணக்கில் தெளிவாக இருக்கிறது.

இவர் சாதாரண வரவு இல்லை. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அன்றைக்குப் பர்ஸில் இருந்த 20 லட்சம் டாலர் முழுவதையும் இவருக்காக வைத்தன. சமமாகிவிட்டது. அப்புறம் இரண்டு அணிகளும் மூடிய காகிதத்தில் ஒரு கூடுதல் தொகையை எழுதிக் கொடுக்க, சென்னை ஜெயித்தது. பன்னிரண்டு சீசன் மஞ்சள் சட்டை. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. அன்றைக்கு நள்ளிரவு தாண்டி நம் வளாகத்தில் வெடி போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், சங்கத்தில் புகார் கொடுத்தவர்கள் யார் என்றும் தெரியும்.

இங்கே ஒரு பக்கக் கதை. டல்லாஸில் இருக்கும் என் மாப்பிள்ளை ஆகஸ்ட் கடைசியில் போன் செய்தார். குரலே சரியில்லை. வேலை போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். விஷயம் என்னவென்றால், அவர் உயிராக நினைக்கும் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி, மைக்கா பார்சன்ஸ் என்ற தன் சிறந்த தற்காப்பு வீரரைக் கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது கென்னி கிளார்க் என்ற ஒரு வீரர், அத்துடன் 2026, 2027 ஆண்டுகளில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பேக்கர்ஸின் முதல் சுற்று வாய்ப்புகள். "இன்னும் யாரென்றே தெரியாத பையன்களுக்காகக் கொடுத்துட்டாங்க மாமா" என்றார். அடுத்த வருடத்துக் காய்க்கு இந்த வருடமே முன்பணம் வாங்குவது நம் மலையில் புதிதா என்ன, மாப்பிள்ளை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சோகத்தில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அங்கே 2025இல் ஓர் அணியின் சம்பள வரம்பு 27.92 கோடி டாலர், நம் பணத்தில் 2,400 கோடிக்கும் மேல். ஒப்பந்தம் போடும்போது வீரருக்குப் பெரிய தொகையைக் கையெழுத்து போனஸாக உடனே கொடுத்துவிடுவார்கள். ஆனால் வரம்புக் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். பி.காம். படித்தவர்கள் கை தூக்குங்கள். ஆமாம், ஒத்திவைக்கப்பட்ட வருவாய்ச் செலவு. ஐம்பது லட்சம் கொடுத்துவிட்டு, வருடம் பத்து லட்சமாக எழுதுவது. மூன்றாம் வருட முடிவில் ஆளை அனுப்பினால் என்ன ஆகும்? மீதி இருபது லட்சமும் கணக்கில் வந்து விழும். ஆள் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருப்பார், இவர்கள் வரம்பில் அவர் பெயரில் பணம் உட்கார்ந்திருக்கும். அதற்கு அங்கே 'செத்த பணம்' என்று பெயர். டென்வர் அணி ரஸல் வில்சன் என்பவரை 2022இல் வாங்கி 2024இல் அனுப்பியபோது இப்படி விழுந்தது 8.5 கோடி டாலர். ஒரே வருடத்தில் தாங்காது என்று இரண்டு வருடத்துக்குப் பிரித்துக்கொண்டார்கள்.

ஐ.பி.எல்லில் செத்த பணம் கிடையாது. ஆளை விடுவித்தால் அவர் சம்பளம் முழுவதும் பர்ஸுக்குத் திரும்பிவிடும். முதலாளிக்கு இது சொர்க்கம். 2023இல் மும்பை இதை அழகாகச் செய்தது. ஹர்திக் பாண்டியாவை 15 கோடிக்கு குஜராத்திடமிருந்து திரும்ப வாங்க இடம் வேண்டும். அதே சமயம் கேமரன் கிரீனை 17.50 கோடிக்கு பெங்களூருக்குத் தள்ளிவிட்டது. பாண்டியாவுக்காக குஜராத்துக்குக் கொடுத்த மாற்றுத் தொகை எவ்வளவு என்று சொல்லவில்லை, அது பர்ஸிலும் சேராது.

தவறான முடிவுக்கு அபராதமே இல்லாத இடத்தில் முடிவுகள் சுலபமாக எடுக்கப்படும் என்பது என் அபிப்பிராயம். மாறுபட்டவர்கள் அப்புறம் என்னோடு மொட்டைமாடிக்கு வாருங்கள்.

டிசம்பர் 16, அபுதாபி ஏலம். கொல்கத்தாவிடம் 64.30 கோடி, சென்னையிடம் 43.40 கோடி. மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. பை நிறையப் பணமும் சந்தையில் கொஞ்சமே சரக்கும் இருந்தால் என்ன ஆகும் என்று போடிக்காரர்களுக்குத் தெரியும். 2018 வெள்ளத்துக்கு அடுத்த வருடம் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்கு வாங்கி வைத்தவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் அது ஆயிரத்துக்குக் கீழே வந்தபோது வங்கியில் வந்து உட்கார்ந்த உட்காரல் எனக்கு மறக்காது.

கிரீனை கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. பர்ஸில் கழிவது முழுத் தொகை. ஆனால் வெளிநாட்டு வீரருக்கு இந்த ஏலத்தில் 18 கோடிதான் உச்சம், மீதி 7.20 கோடி வீரர் நலனுக்கென்று வாரியத்துக்குப் போகும். சென்னை 13 கோடி சம்பளத்திலிருந்து விடுவித்த பதிரனாவை அதே கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. சென்னை என்ன செய்தது? 20 வயது பிரசாந்த் வீர், 19 வயது கார்த்திக் சர்மா. அடிப்படை விலை ஆளுக்கு 30 லட்சம். இருவரையும் ஆளுக்கு 14.20 கோடிக்கு எடுத்தது. 43.40இல் 28.40 இரண்டு பையன்களுக்கே போயிற்று. மற்றபடி மத்தியானத்துக் காய் வாங்குவதுபோல ஏழு பேரைச் சில்லறையாக எடுத்தார்கள், சர்ஃபராஸ் கான் 75 லட்சத்துக்கே கிடைத்தார்.

பிரசாந்த் வீர் என்ன ஆடுவார் தெரியுமா? இடது கை சுழல், பேட்டிங், சுறுசுறுப்பான ஃபீல்டிங். ஜடேஜா விட்டுப்போன நாற்காலி. ஜடேஜாவுக்கு இன்று 14 கோடி, அந்த நாற்காலியில் உட்காரப்போகும் பையனுக்கு 14.20.

ஏலம் முடிந்து சென்னையின் பர்ஸில் மிஞ்சியது எவ்வளவு என்று பார்த்தேன். 2.40 கோடி. டிரேடில் மிச்சம் பிடித்த அதே தொகை, தொடாமல் அப்படியே இருக்கிறது. நவம்பரில் இது யாருக்கும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

தரைத்தளம் சொல்வதில் நியாயம் உண்டு. தோனிக்கு 44 வயது, கீப்பர் வேண்டும், சாம்சன் நல்ல சரக்கு. நான் நிர்வாகத்தில் இருந்திருந்தால் நானும் அந்த டிரேடைச் செய்திருப்பேன். 18 கோடியைக் குறைக்கச் சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று செயலாளர் கேட்டார். வங்கியில் மூன்று தடவை எனக்கு அதிகாரியாகப் பதவி உயர்வு வந்தது. மூன்று தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். போனால் எங்கேயாவது வடக்கே மாற்றல். இங்கே அம்மா படுக்கையில், வீட்டுக்காரிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. ஓய்வு பெற்ற அன்று பென்ஷன் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய தொகை. அதை நஷ்டம் என்று எழுத மனசு வரவில்லை, வேறு எந்தத் தலைப்பில் எழுதுவது என்றும் தெரியவில்லை. ஜடேஜாவும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போயிருப்பது 2008இல் தான் ஆடத் தொடங்கிய, முதல் வருடமே கோப்பை ஜெயித்த அதே ராஜஸ்தானுக்குத்தான். அவர் அதை எந்தத் தலைப்பில் எழுதுகிறாரோ.

பேரனிடம் எட்டாம் நம்பர் போட்ட மஞ்சள் சட்டை ஒன்று இருக்கிறது. "தாத்தா, இதை இனிமே போடலாமா?" என்று நவம்பரில் கேட்டான். அப்போது பதில் சொல்லவில்லை. இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள். செயலாளர் மணிக்கட்டைக் காட்டுகிறார், பொங்கலும் ஆறுகிறது.