புயல் சொல்லிக்கொண்டுதான் வருகிறது



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் குளிர்காலப் புயலைப் பற்றியதாகும். அதாவது, புயல் வருவதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும், வந்தபின் அது ஊருக்கு ஊர் என்னென்ன செய்கிறது என்பதும்தான். 1953-ஆம் வருஷத்தில் ஐரோப்பாவில் வடகடல் ஓரத்து நாடுகளில் அடித்த ஒரு புயலைக் கொண்டே இதை விளக்கப் போகிறேன். "நம் நாட்டில் புயலுக்குப் பஞ்சமா? எங்கேயோ அடித்த புயலைப் பற்றி இங்கே என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். அறிவு மனிதனை எதுவரையில் காப்பாற்றும், எந்த இடத்திலே அறிவு மாத்திரம் போதாமல் போய்விடும் என்கிற இரண்டு சங்கதிகளும் அந்தப் புயலில் வெட்டவெளிச்சமாகத் தெரிகின்றன. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

ஹாலந்து தேசத்தில் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற பூமி. மண்கரை போட்டுக் கடலைத் தடுத்து வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் அவர்கள். அங்கே பழைய காலத்தில் புயலால் கடல் புகுந்தால், அது எந்தப் புனிதர் திருநாளில் புகுந்ததோ அந்தப் பெயரை வெள்ளத்துக்கு வைத்துவிடுவது வழக்கம். 1421-இல் வந்தது புனித எலிசபெத் வெள்ளம், 1570-இல் வந்தது சகல புனிதர் வெள்ளம், 1717-இல் வந்தது கிறிஸ்துமஸ் வெள்ளம். ஒவ்வொரு முறையும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் அழுதார்கள், தொழுதார்கள், கரையையும் மறுபடி போட்டார்கள். ஆனால், அடுத்த புயல் புறப்பட்டு வருகிறதா இல்லையா என்று அறிய அவர்களிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. ஏனெனில், வானத்தை அண்ணாந்து பார்த்தார்களே தவிர, காற்றை நிறுத்துப் பார்க்கவில்லை.

காற்றை நிறுக்க முடியுமா என்றால், முடியும். 1643-இல் இத்தாலியில் டாரிசெல்லி என்பவருடைய யோசனைப்படி செய்த பாதரசக் குழாய்தான் அதற்குத் தராசு. அதைத்தான் பாரமானி என்கிறோம். தலைக்கு மேல் இருக்கும் காற்றின் கனம் குறைந்தால் குழாயில் பாதரசம் இறங்கும், கூடினால் ஏறும். கனம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கிக் காற்று பாயப் பார்க்கிறது. பூமி சுழல்வதால் அது நேராகப் பாயாமல் சுற்றிச் சுற்றிப் போகிறது. இந்தச் சுற்றுதான் புயல். குளிர்காலத்தில் வடதுருவத்துக் கடுங்குளிர்க் காற்றும், தெற்கேயிருந்து வரும் வெப்பக் காற்றும் அட்லாண்டிக் கடலின் மேல் முட்டிக்கொள்கின்றன. அவற்றுக்குள் சூட்டின் வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் புயலுக்குத் தீனி. கோடைக்கு இல்லாத மூர்க்கம் அங்கே குளிர்காலப் புயலுக்கு இருப்பதற்குக் காரணம் இதுதானே ஒழிய, யாருடைய கோபமும் அல்ல.

ஹாலந்து தேசத்துப் பைஸ் பாலட் என்கிற அறிஞர் 1857-இல் ஒரு விதியை எடுத்துச் சொன்னார். படிப்பு வாசனை இல்லாதவனுக்குக்கூட உபயோகப்படக் கூடியது அது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள தேசங்களில் காற்றின் கனம் குறைந்த இடம், அதாவது புயலின் நடு, உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். அவ்வளவுதான். ஒருவன் தன் ஊரில் நின்றுகொண்டு இதைப் பார்க்கலாம். நூறு ஊர்க்காரர்கள் பார்த்துத் தந்தியில் ஒரே இடத்துக்குச் சொல்லிவிட்டால், புயல் இன்ன இடத்தில் இருக்கிறது, இன்ன திசையில் போகிறது என்று படத்தில் புள்ளி வைத்துக் காட்டிவிடலாம்.

இதை முதன்முதலில் சர்க்கார் காரியமாகச் செய்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் பிட்ஸ்ராய் என்பவர். டார்வின் உலகம் சுற்றிய பீகிள் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர்தான் இவர். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் சிக்கி வேல்ஸ் நாட்டுக் கரையில் மோதி நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகு, 1861-இல் இவர் துறைமுகங்களுக்குத் தந்தி அடித்துப் புயல் எச்சரிக்கைக் கூடுகளை ஏற்றும்படி செய்தார். பலித்தபோது பேசாமல் இருந்தவர்கள், பலிக்காதபோது பரிகாசம் செய்தார்கள். 1865-இல் அவர் இறந்தார். அடுத்த வருஷமே, இதெல்லாம் நிச்சயமான சாஸ்திரம் ஆகாது என்று படித்த பெரியவர்கள் சொல்லி, அந்த எச்சரிக்கையை நிறுத்திவிட்டார்கள். அப்பொழுது அது வேண்டும் என்று கேட்டவர்கள் யார்? கடலிலே போய்ப் பிழைக்கிறவர்கள்! அவர்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய கூச்சலால் 1867-இல் எச்சரிக்கை திரும்பி வந்தது. நூற்றுக்கு நூறு பலிக்காவிட்டாலும், காரணத்தோடு சொல்லும் ஓர் எச்சரிக்கை எவ்வளவு விலை பெறும் என்பது உயிரைப் பணயம் வைக்கிறவனுக்குத் தெரிந்திருந்தது.

இனி 1953-க்கு வருவோம். அந்த வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஒரு தாழ்ந்த அழுத்தம் உண்டாகிக் கிழக்கே நகர்ந்தது. 31-ஆம் தேதி சனிக்கிழமை ஸ்காட்லாந்தின் வடகோடியைத் தாண்டித் தென்கிழக்கே திரும்பி வடகடலுக்குள் இறங்கிற்று. சாதாரணமாக 1013 மில்லிபார் இருக்கவேண்டிய அழுத்தம் அதன் நடுவில் 970-க்கும் கீழே போயிற்று. ஆர்க்கினி தீவில் மணிக்கு 126 மைல் வேகத்தில் காற்று வீசியதாக யந்திரம் காட்டியது. ஸ்காட்லாந்தில் காடு காடாக மரங்கள் சாய்ந்தன. புயல் எச்சரிக்கை இருந்தும் அன்று காலை ஸ்ட்ரான்ரேர் துறையை விட்டுப் புறப்பட்ட பிரின்சஸ் விக்டோரியா என்ற கப்பல் மூழ்கி 130 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெண்ணோ குழந்தையோ ஒருவர்கூடத் தப்பவில்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். புயலின் நடு கடந்து போனதும் பாரமானி ஏற ஆரம்பிக்கும். "அப்பாடா, புயல் போய்விட்டது" என்று தோன்றும். உண்மையில் அதற்குப் பின்னால் வரும் வடமேற்குக் காற்றுத்தான் அன்று எமனாக வந்தது. வடகடல் ஒரு புனல் மாதிரி. வடக்கே அகன்றது, ஆழமானது. தெற்கே போகப்போகக் குறுகி, ஆழம் குறைந்து, கடைசியில் டோவர் ஜலசந்தி என்ற சிறு வாயில் முடிகிறது. மணிக்கணக்காக வடக்கேயிருந்து அடித்த காற்று கடல்நீரை அந்தப் புனலுக்குள் தள்ளிக்கொண்டே போனால், நீர் எங்கே போகும்? உயரத்தான் வேண்டும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது வேறு. போதாததற்குப் பௌர்ணமி கழிந்து வருகிற பெரிய கடல் ஏற்றமும் அன்று இரவே சேர்ந்துகொண்டது. ஆகவே, காற்று மிகக் கொடுமையாக அடித்த வடக்கே மரங்கள் விழுந்தன. காற்று அவ்வளவு இல்லாத தெற்கே ஊர்கள் முழுகின. ஹாலந்தில் பிளிஸ்சிங்கன் என்ற ஊரில் சாதாரண மட்டத்துக்கு மேல் 4.55 மீட்டர் நீர் நின்றது. ஒரே புயல்தான். ஓர் ஊரில் அது காற்று, மற்றோர் ஊரில் அது தண்ணீர். புயல் எவ்வளவு வேகம் என்று மாத்திரம் கேட்டால் போதாது; என் ஊரில் அது என்ன செய்யும் என்று கேட்கவேண்டும்.

இப்பொழுது மனதை உறுத்துகிற பகுதிக்கு வருகிறேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் அந்த நீர் வடக்கேயிருந்து தெற்கே ஒவ்வோர் ஊராக நடந்து வந்தது. லிங்கன்ஷயரில் மாலை சுமார் 7 மணிக்குக் கரை உடைந்து ஜனங்கள் சாகிறார்கள். அதே நீர் தேம்ஸ் நதி வாயிலுள்ள கான்வே தீவுக்கு வந்து சேர்வது இரவு 1 மணிக்கு மேல். நடுவில் ஆறு மணி நேரம்! வடக்கே இருந்தவனுக்கு நடந்தது தெரியும். தெற்கே இருந்தவன் தூங்கிக்கொண்டிருந்தான். தந்திக் கம்பிகள் பல இடங்களில் அறுந்துபோயின என்பது மெய். ஆனால், ஓர் ஊரில் நடந்ததை அடுத்த ஊருக்குச் சொல்லவேண்டியது இன்னாருடைய வேலை என்று ஒரு ஏற்பாடே அப்பொழுது இல்லை என்பதுதான் அதைவிடப் பெரிய மெய். கான்வே தீவில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இங்கிலாந்தில் மொத்தம் 307 பேர்.

ஹாலந்தில் கதை இன்னும் கொடுமை. அங்கே 1921 முதலே புயல் வெள்ள எச்சரிக்கை இலாக்கா இருந்தது. அவர்கள் தங்கள் கடமையைச் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. சனிக்கிழமை மாலையே "அபாயகரமான நீர் ஏற்றம்" என்று தந்தி போயிற்று. ரேடியோவிலும் சொன்னார்கள். ஆனால், தந்தியோ அதற்கென்று பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் போயிற்று. கரைகளைப் பார்த்துக்கொள்ளும் சபைகளில் பல அதில் சேரவே இல்லை. ரேடியோவோ வழக்கம்போல நள்ளிரவில் நிறுத்தப்பட்டது. வழக்கம் என்ற ஒரு வார்த்தைக்காக, எச்சரிக்கை தெரிந்த யந்திரம் வாயை மூடிக்கொண்டது! அதற்குச் சில மணி நேரத்துக்குள் கரைகள் உடைந்தன. சில கிராமங்களில் யாரோ ஓடிப்போய் மாதா கோயில் மணியை அடித்து ஊரை எழுப்பினார்கள். ஞாயிறு பிற்பகல் இரண்டாவது கடல் ஏற்றம் வந்தது. உதவி வரும் என்று கூரைமேல் காத்திருந்தவர்களில் பலரை அதுதான் அடித்துக்கொண்டு போயிற்று. தீவுகளின் நிலைமை இன்னதென்று அதுவரை வெளியுலகத்துக்கே சரியாகத் தெரியவில்லை. ஹாலந்தில் இறந்தவர்கள் 1836 பேர்.

தோழர்களே! "இது கடவுள் தண்டனை" என்று அங்கேயும் சொன்னவர்கள் உண்டு. அப்படியானால் தண்டனை யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். சீலாந்துத் தீவுக்காரர்கள் அந்தத் தேசத்திலேயே தெய்வபக்தி மிகுந்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். இங்கிலாந்தில் செத்தவர்களில் பலர், விடுமுறைக்காகக் கட்டிய மரக் குடிசைகளில் வேறு வீடு இல்லாமல் குளிர்காலத்திலும் குடியிருந்தவர்கள். வெள்ளம் பக்தனைப் பார்க்கவில்லை, பாவியைப் பார்க்கவில்லை. தாழ்ந்த பூமியையும் பலமில்லாத சுவரையும்தான் பார்த்தது. தாழ்ந்த பூமியில் குடியிருக்கும்படி யாரை விடுகிறோம் என்பது கடவுள் காரியமா, மனிதர் காரியமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கரைகள் தாழ்வாக இருக்கின்றன என்று அந்தத் தேசத்திலேயே யோஹன் வான் வேன் என்ற எஞ்சினியர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காது கொடுக்காததால் "கஸாண்ட்ரா" என்று புனைபெயர்கூட வைத்துக்கொண்டார். கஸாண்ட்ரா என்பவள் கிரேக்கர் கதையில், உண்மையைச் சொல்லியும் நம்பப்படாதவள். மற்றொரு பக்கம், அன்று விடியற்காலை நியூவர்கெர்க் என்ற ஊரில் கரை உடையத் தொடங்கியபோது, ஏவக்ரூன் என்ற படகுக்காரர் ஊர்த் தலைவர் சொன்னபடி தமது படகையே அந்த உடைப்பில் கொண்டுபோய்ச் செருகி அடைத்தார். அதற்குப் பின்னால் இருந்த தாழ்ந்த பிரதேசத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் இருந்தார்கள். அற்புதம் என்று ஒன்று அன்று நடந்திருந்தால் அது இதுதான். அதுவும் ஒரு மனிதன் கையால் நடந்தது.

அதன்பின் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் கடல் ஏற்றத்துக்கென்றே எச்சரிக்கை ஏற்பாடு செய்தார்கள்; தேம்ஸ் நதிக்கு அடைப்புக் கதவுகள் போட்டு 1984-இல் திறப்பு விழா நடத்தினார்கள். ஹாலந்தில் 1958-இல் சட்டம் செய்து, 1986-இல் கிழக்கு ஷெல்ட் வாயிலுக்கும் 1997-இல் ராட்டர்டாம் நீர்வழிக்கும் பிரம்மாண்டமான கதவுகளை முடித்தார்கள். பலன் 2013 டிசம்பர் 5-ஆம் தேதி தெரிந்தது. அன்றும் அதே மாதிரிப் புயல், அதே கடல். இங்கிலாந்துக் கரையில் சில இடங்களில் நீர் 1953-ஐவிடவும் உயர்ந்தது. ஆனால், இந்த முறை நாட்கள் முன்னதாகவே தெரியப்படுத்தி, ஆயிரக்கணக்கான வீட்டாரைத் தட்டி எழுப்பி வெளியேற்றினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. உயிர்ச்சேதமோ பிரிட்டன் முழுவதிலும் இருவர்தான், அதுவும் காற்றினால். கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை. கதவைத் தட்டும் ஆள் வந்துவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் தேசத்துப் புயல் பிறக்கும் விதம் வேறு. அது சூடான கடலில் பிறப்பது. ஆனால், கடல் பொங்கும் விதம் ஒன்றுதான். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் இரயில் வண்டியையே பிரயாணிகளோடு கடல் கொண்டுபோனதை நாம் மறந்துவிடவில்லை. இன்று ஆகாயத்தில் சுற்றும் யந்திரங்கள் புயலைப் படம் பிடித்து அனுப்புகின்றன. அந்தச் செய்தி ஆபீசில் இருந்தால் மட்டும் போதுமா? நம் ஊரில் மிகத் தாழ்ந்த இடத்தில் குடியிருப்பவன் யார், அவனுக்கு நடுராத்திரியில் போய்ச் சொல்லவேண்டியவன் யார், அவன் போய்த் தங்க மேடான கட்டடம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அங்கே எல்லா ஜாதியாரையும் ஒன்றாக உள்ளே விடுவார்களா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் புயல் இல்லாத நாளிலேயே ஒவ்வோர் ஊராரும் பதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இல்லாத ஊருக்கு, எவ்வளவு பெரிய யந்திரம் இருந்தும் பிரயோஜனமில்லை.

நான் சொன்னதற்காக நீங்கள் எதையும் நம்பவேண்டியதில்லை. அடுத்த முறை பலமாகக் காற்று அடிக்கும்போது அதற்கு முதுகைக் காட்டி நின்று, இடது பக்கத்தைக் கவனியுங்கள். பிறகு வானிலைச் செய்தியோடு ஒத்துப் பாருங்கள். பிறகு வீடு திரும்பும்போது, உங்கள் தெருவில் மிகப் பள்ளமான வீடு எது என்றும் பார்த்துக்கொண்டு போங்கள்.