ஒரு கிதாரில் ஐந்து சுரம்

(சங்க ஆண்டு விழா இசையரங்கில் நிகழ்த்திய உரை)



எங்கள் இசைக்குழுவில் முன்பு கிதார் வாசிப்போர் மூவர் இருந்தனர். பணி மாற்றல் இருவரை வேறு ஊர்களுக்குக் கொண்டு சென்றது. எஞ்சிய ஒரே கிதாருடன் சென்ற ஆண்டு இம்மேடையில் பீட்டில்ஸ் குழுவினரின் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ பாட்டைத் தொடங்கினோம். முதல் மீட்டிலேயே அவையிலிருந்த பெரியவர் ஒருவர், “ஏதோ குறைகிறதே!” என்றார். அக்குறையைத் தேடிய கதையே இன்றைய உரை.

அப்பாட்டு 1964 ஏப்ரல் 16ஆம் நாள் இலண்டனில், அபே ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயிற்று. அதன் தொடக்கத்தில் சில விநாடிகளே ஒலிக்கும் சுரக்கூட்டு ஒன்று உண்டு. ஜார்ஜ் ஹாரிசனின் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பாக்கர் கிதார், ஜான் லெனனின் கிதார், பால் மக்கார்ட்னியின் பேஸ் கிதார் ஆகியவை அதில் ஒருங்கே ஒலிக்கின்றன. எந்தக் கருவியில் எந்தச் சுரம் என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. தம் கிதாரில் வாசித்தது எஃப் கூட்டு, அதன் உச்சியில் ஜி என்று ஹாரிசன் 2001இல் விடை கூறினார். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜேசன் பிரவுன் 2004இல் ஒலியலைகளைப் பகுத்து, பியானோவும் கலந்திருக்கிறது என்று முடிவு செய்தார்.

ஹாரிசனின் கூட்டில் எஃப், ஏ, சி, ஜி என நான்கு சுரங்கள்; அடியில் பேஸ் கிதாரின் டி. ஆக ஐந்து. நம் இசையறிந்தோர் இவ்வைந்தையும் வரிசைப்படுத்திப் பார்த்தல் வேண்டும். எஃப் சட்சமானால் ச ரி க ப த, மோகனத்தின் சுரங்கள்! டி ஆதாரமானால் சுத்த தன்யாசியின் சுரங்கள். பாட்டு நடப்பதோ ஜியில். அங்கு நின்று கேட்டால் மத்தியமாவதியின் சுரங்கள். இராகம் என்பது சுரங்களின் நடை. ஆதலின் இங்கு இராகம் இல்லை. ஆயினும் கிரக பேதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் மூன்று முகங்களும் இங்கே ஒரே மீட்டில் தோன்றுகின்றன. எது ஆதாரம் என்று செவி தடுமாறுவதே அதன் கவர்ச்சி என்பது எங்கள் கருத்து.

சென்ற ஆண்டு நாங்கள் செய்த பிழை இப்போது விளங்கும். மூன்றாம் மெட்டில் விரலைக் குறுக்கே கிடத்தி, பலரும் வாசிக்கும் முறையில் ஜி, டி, எஃப், சி ஆகியவற்றை மட்டும் ஒலித்தோம். ஏ இல்லை. காந்தாரம் இல்லாத மோகனம் எவ்வாறிருக்கும்? பெரியவரின் செவி பிழைபடவில்லை.

ஐந்து சுரங்களையும் பிடிக்க முயன்றோம். இடக்கையின் நான்கு விரல்கள் போதவில்லை. பல மாதம் கழித்தே வழி புலப்பட்டது. தடித்த ஆறாம் தந்தியை ஈயிலிருந்து ஒரு முழுச் சுரம் இறக்கி டியாக்கினோம். அது இனி வெறுந்தந்தியாகவே ஒலிக்கும். ஐந்தாம் தந்தியும் வெறுமையாக ஏ தரும். நான்காம் தந்தியில் மூன்றாம் மெட்டு, மூன்றாம் தந்தியில் இரண்டாம் மெட்டு, இரண்டாம் தந்தியில் முதல் மெட்டு, முதல் தந்தியில் மூன்றாம் மெட்டு. டி, ஏ, எஃப், ஏ, சி, ஜி. ஐந்து சுரங்களும் வந்துவிட்டன! ஆறு தந்திகளையும் ஒரே வீச்சில் மீட்டி, கையை எடுக்காது ஒலியைத் தானே அடங்க விடுதல் வேண்டும்.

இதிலும் குறை உண்டு. பன்னிரண்டு தந்திக் கிதாரில் தந்திகள் இணை இணையாக அமைந்தவை. கீழ் நான்கு இணைகளில் ஒன்றுக்கு மற்றது மேல்ஸ்தாயியில் ஒலிக்கும். அம்மினுக்கமும் பியானோவின் கனமும் எங்கள் கிதாரில் வாரா. அவற்றை விட்டோம்; சுரம் ஒன்றையும் விடவில்லை.

விரல் போதவில்லை என்று வருந்திய நாங்கள், விரலே வேண்டாத தந்திகள் இரண்டு இருப்பதை மறந்திருந்தோம். இதோ, நண்பர் மீட்டப் போகிறார். குறை சொன்ன பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்; தீர்ப்பு அவருடையது.