தேர்தலுக்கு மறுநாள்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தேர்தலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். வென்றவர் மறுநாள் நாற்காலியில் அமர்ந்து என்ன செய்வது என்பதும் கற்க வேண்டிய பாடமே.

முன்பு இராஜபாளையம் தனித்தொகுதியாக இருந்தது. 2011 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இவ்விரண்டும் அடங்கிய தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் அவ்வாறே. ஆனால், அங்கே வாக்களிப்பவர்கள் நாம் மட்டுமல்லர். எல்லாச் சாதியாரும் வாக்களிக்கின்றனர். அண்ணல் அம்பேத்கர் கேட்ட தனி வாக்காளர் தொகுதி 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தோடு கைநழுவிற்று. எனக்கு அதில் இன்றும் மனக்குறை உண்டு. ஆயினும் நம்மவர் வென்றால் ஊர் முழுமைக்கும் பொறுப்பாகிறார். ஊரும் அவரோடு ஒத்துழைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

ஊர் அக்கடமையை மறுத்ததும் உண்டு. நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் பத்தாண்டுகள் ஊராட்சித் தலைவர் பதவி பெயரளவில்தான் இருந்தது. வேட்புமனு வராது, வென்றாலும் உடனே பதவி விலகல். 2006 அக்டோபரில்தான் தலைவர்கள் பொறுப்பேற்றனர். மேலவளவுத் தலைவர் முருகேசனோ, 1997 ஜூன் 30இல் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதை மறைத்துவிட்டு ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுவது ஏமாற்று.

நாற்காலி கிடைத்த பிறகும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும். என்னிடம் படித்த ஒருவர் தலைவரானார். துணைத் தலைவர் மூன்று மாதங்கள் கையெழுத்திட மறுத்தார். தெருவிளக்குகள் எரியவில்லை; குடிநீர்க் குழாய் உடைந்தே கிடந்தது. “அவர் சொற்படி நட” என்றனர் சிலர். “மோதிப் பார்” என்றனர் சிலர். அவர் கிராம சபையில் நிலுவைப் பட்டியலை உரக்கப் படித்தார். எந்த வேலை எந்தத் தெருவுக்கு என்றும் படித்தார். பாதிக்குமேல் துணைத் தலைவரின் தெருவுக்கே உரியவை! அடுத்த வாரம் கையெழுத்து வந்தது.

எங்கும் இப்படி முடியாது. முடியாத இடத்தில் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் முறையிடுக. நம் சமூகத்து ஊராட்சி உறுப்பினரையோ தலைவரையோ மிரட்டிப் பணிசெய்ய விடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி குற்றமாகும். ஆனால், வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் தலைவரை எந்தச் சட்டமும் காப்பாற்றாது.

ஊராட்சிச் சட்டத்தையும் கணக்குப் பதிவேடுகளையும் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். விருப்பமுள்ளோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்; பெண்களும் கொடுக்க வேண்டும்.