ஞாயிறு அதிகாலை 5 மணி

பட்டம் பெறும் பிள்ளைகளே, பெற்றோர்களே, நெடுஞ்சாலைப் பொறியாளனாகவே காலம் தள்ளியவன் நான். சாலையை விட்டால் வேறு பேச்சு வராது.

1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. சாலையின் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த சுவீடன் அன்று வலப்பக்கத்துக்கு மாறியது. பக்கத்தில் நார்வேயிலும் பின்லாந்திலும் வலப்பக்கம்தான். சுவீடன்காரர்களின் கார்களில் ஸ்டியரிங்கும் பெரும்பாலும் இடப்பக்கமே இருந்தது. ஆனாலும் 1955 பொது வாக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் மாற்றமே வேண்டாம் என்றார்கள். அரசு விடவில்லை. லட்சக்கணக்கான சாலைப் பலகைகளை மாற்றினார்கள். பேருந்துகளுக்கு மறுபக்கம் கதவு வைத்தார்கள். பால் அட்டைப்பெட்டியில்கூட அந்த நாளின் 'எச்' சின்னத்தை அச்சடித்தார்கள். அதிகாலை 4.50க்கு ஓடிய வண்டிகளெல்லாம் நின்றன. மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்து, மறுபடி நின்று, 5 மணிக்குக் கிளம்பின.

நாடே முட்டி மோதியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் திங்கட்கிழமை பதிவான விபத்துகள் 125. அதற்கு முந்தைய திங்கட்கிழமைகளில் 130 முதல் 198 வரை நடந்துகொண்டிருந்தது. உயிர்ப்பலி ஒன்றுகூட இல்லை. பயத்தில் எல்லோரும் சாலையைப் பார்த்து ஓட்டினார்கள்! இரண்டே ஆண்டில் பயம் தெளிந்தது. விபத்தும் பழைய கணக்குக்கே வந்துவிட்டது.

போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். என் வீட்டில் இதற்குத் தடையுத்தரவே உண்டு. 'கவனமாக ஓட்டுங்கள்' என்று பலகை எழுதுவதில் எனக்கிருந்த நம்பிக்கை இந்தக் கதையால்தான் போயிற்று. 2022இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கோப்பைப் புரட்டினால் அநேகமாக 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்றிருக்கும். அத்தோடு கோப்பு மூடப்படும். சாலை என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் படிப்பிலும் கேட்கவில்லை. சர்வே கேம்ப்பில் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தோம். சோறு வாயில் வைக்க முடியாது. சிநேகிதம் மட்டும் இன்றுவரை கெடவில்லை. மேடு பள்ளமெல்லாம் அளந்தோம். சாலையைக் கடக்கும் பாட்டி எவ்வளவு வேகத்தில் நடப்பாள் என்று அளக்கவில்லை. வேலைக்கு வந்தபின், பைபாஸ் திறந்த சூட்டோடு ஊர்க்காரர்கள் சென்டர் மீடியனை உடைத்து வழி வைப்பதைப் பார்த்தேன். நாம் அடைப்போம், அவர்கள் உடைப்பார்கள். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் இருந்தால் பிள்ளை பறந்தா போகும்?

அதே சுவீடன் 1997இல் 'விஷன் ஜீரோ' என்ற கொள்கையை நாடாளுமன்றத்தில் ஏற்றது. மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். அதற்கு அவன் உயிரைக் கேட்காத சாலையைப் போடு என்பது அதன் சாரம். அதன்பின் அங்கே மூன்று தடச் சாலைகள் வந்தன. ஒரு திசைக்கு இரண்டு தடம், எதிர்த்திசைக்கு ஒன்று, கொஞ்ச தூரத்துக்கொரு முறை மாற்றி மாற்றி; நடுவில் எஃகு வடக் கம்பி வேலி. ஓட்டுநர் கண்ணயர்ந்தால் வண்டி எதிர்வண்டியில் மோதாது, கம்பி தாங்கிக்கொள்ளும்.

எல்லோருக்கும் என் வாழ்த்துகள். சிவில் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வாருங்கள், அந்த வேலியை வரைந்து காட்டுகிறேன். பெற்றோர்கள் மன்னிக்க வேண்டும், சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும்.