இரை தீண்டாத அநாதைக் குஞ்சு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனது சாந்தியும் சமாதானமும் நமது நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



கிண்ணியாவின் வயல் நிலங்களிலும், தம்பலகாமக் குடாவை அடுத்த சதுப்புகளிலும், மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையோரங்களிலும் காட்டுத் தாராக்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அவற்றுள் பழுப்பு நிறமும், சீட்டியடிப்பது போன்ற குரலும் கொண்ட இனத்தைப் பறவை நூல்கள் சீழ்க்கைச் சிறகி என்று குறிக்கின்றன. அது மரப்பொந்திலும் கூடு வைக்கும். நீரோரப் புற்களின் நடுவிலும் கூடு வைக்கும். முட்டைகளை அடைகாப்பதிலும் குஞ்சுகளை நடத்திச் செல்வதிலும் தாயும் தந்தையும் பங்கு கொள்கின்றன.

அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கும்போதோ, நாயொன்று புல்லுக்குள் பாயும்போதோ இக்குடும்பங்கள் சிதறிவிடுகின்றன. அவ்வாறு தனித்துவிட்ட குஞ்சைச் சிறுவர்கள் இரக்கத்தோடு வீட்டுக்கு எடுத்து வருவதுண்டு. சோற்றுப் பருக்கையை முன்னால் வைப்பார்கள்; அது தின்னாது. பாணைப் பாலில் நனைத்து வைப்பார்கள், அதையும் தீண்டாது. ஓயாமல் கீச்சிட்டுக் கொண்டிருக்கும். பதறிப்போய் அலகைப் பிளந்து தண்ணீரை ஊற்றுவார்கள். விடிந்து பார்த்தால் குஞ்சு இறந்து கிடக்கும். இரக்கத்தில் குறைவில்லை, ஆயினும் ஓர் உயிர் போய்விட்டது. இது ஏன் நிகழ்கிறது என்பதையே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

நேயர்களே, பூமியில் ஊர்வனவும், இறக்கைகளால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை அல்குர்ஆன் அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆவது வசனத்தில் நமக்கு உணர்த்துகிறது. சமுதாயம் என்பதற்கு அங்கே ஆளப்பட்ட சொல் ‘உமம்’ ஆகும். அது ‘உம்மத்’ என்பதன் பன்மை. அப்படியாயின் நம் கையில் கிடைத்த இக்குஞ்சு, தன் உம்மத்தைத் தொலைத்துவிட்ட ஓர் அநாதையாகும். அது அழுவது சோற்றுக்காக அன்று. தன் கூட்டத்துக்காகவே அழுகிறது.

ஆகவே நம் முதற் கடமை உணவு தேடுவதன்று, அதன் பெற்றோரைத் தேடுவதே. ஒரு பயணத்தின்போது ஸஹாபாக்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் துடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதைத் துயரப்படுத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள். இச்சம்பவத்தை இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத் கிரந்தம் பதிவு செய்துள்ளது. தாய்க்கு உள்ள உரிமையை அண்ணலார் எவ்வாறு மதித்தார்கள் என்பதை இதில் காண்கிறோம். குஞ்சு கிடைத்த இடத்திலேயே அதை நிழலில் வைத்துவிட்டு, நாயும் பூனையும் நெருங்காதவாறு தூரத்தில் மறைந்திருந்து கவனியுங்கள். அதன் கூக்குரலுக்குப் பெற்றோர் திரும்பி வரக்கூடும்.

வரவில்லையாயின், அந்த அமானிதம் நம்மைச் சேர்கிறது. அப்போது சில உண்மைகளை அறிந்திருத்தல் வேண்டும்.

கோழிக் குஞ்சைப் போலவே தாராக் குஞ்சுக்கும் தாய் இரையை ஊட்டுவதில்லை. தாய் வழிகாட்ட, குஞ்சு தானே கொத்தித் தின்னும். முட்டையிலிருந்து வெளிவரும்போது மஞ்சட் கருவின் எச்சம் அதன் வயிற்றுள் இருக்கும். ஓரிரு நாட்களுக்கு அது போதும். எனவே பொரித்த முதல் நாளில் இரை தீண்டாமை பட்டினியன்று. அந்நேரத்தில் அதைக் கொல்வது பெரும்பாலும் குளிரே. தாயின் இறகுக்குள் அது பெற்ற வெப்பத்தை நாம் கொடுத்தாக வேண்டும். ஒரு பெட்டியில் துணி விரித்து, ஒரு மூலைக்கு மேலே மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிடுங்கள். முதல் நாட்களில் அம்மூலையில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருப்பது நன்று. மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும். தனக்கு வேண்டிய இடத்தைக் குஞ்சே தெரிவு செய்து கொள்ளும். குளிரில் நடுங்கும் குஞ்சு உண்ணாது. உண்டாலும் அதற்குச் செரிக்காது.

அடுத்தது நீர். ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அலகு நனையும் அளவுக்கு மட்டும் நீர் வையுங்கள். தாராதானே என்று வாளி நீரில் நீந்த விட்டுவிடாதீர்கள். தாயின் அணைப்பில்லாத குஞ்சின் மென்தூவி எளிதில் நனைந்து ஊறிவிடும். நனைந்த குஞ்சு விறைத்து மாளும். அலகைப் பிளந்து நீர் ஊற்றுவது அதைவிடக் கொடியது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியில் இருப்பதால், ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

வெப்பமும் நீரும் கிடைத்த பின்னரே இரை. பாலும் பாணும் வேண்டாம். பாலைச் செரிக்கும் தன்மை பறவைக்கு இல்லை. மருந்து கலவாத கோழிக்குஞ்சுத் தீவனத்தை நீரில் குழைத்துக் கொடுக்கலாம். பொடியாக அரிந்த கீரை, நீர்நிலைகளில் மிதக்கும் சிறு பாசி, நுளம்புக் குடம்பிகள் ஆகியன அதற்கு உகந்தவை. அசையும் பொருளையே குஞ்சு முதலில் கொத்தும். ஆதலால் இரையை நீர்த்தட்டில் மிதக்க விட்டு, தாயின் அலகு போல விரல் நுனியால் மெல்லத் தட்டிக் காட்டுங்கள். தாராவுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து கோழியைவிட அதிகம் தேவை. அது குறைந்தால் கால்கள் தளரும். எனவே பல நாள் வளர்க்க நேர்ந்தால் மிருக வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

இவையனைத்தும் செய்தும் சில குஞ்சுகள் இரை தீண்டா. தனிமையே அதற்குக் காரணம். அதே வயதுடைய இன்னொரு குஞ்சைச் சேர்த்துவிட்டால், அது கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தத் தொடங்கும். துணை கிடைக்காவிடில் பெட்டிக்குள் ஒரு கண்ணாடியை வைப்பதும் பயன் தரும். தன் நிழலுருவைக் கண்டேனும் அது ஆறுதல் கொள்ளும்.

அன்பர்களே, கிண்ணியா மண்ணுக்கு இது புதிய பாடமன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி நம் கரையை அழித்தபோது, அநாதை என்ற சொல்லின் கனத்தை நாம் அறிந்தோம். உணவுப் பொதி மட்டும் ஒரு பிள்ளையின் கண்ணீரைத் துடைத்துவிடாது என்பதையும் அறிந்தோம். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம், அப்பிள்ளைகளின் பாதுகாப்பில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குப் பொறுப்பளித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலானோர் விடுதிகளிலன்றி உறவினரின் அரவணைப்பிலேயே வளர்ந்தனர். நம் நாயகம் (ஸல்) அவர்களும் தந்தையைக் காணாமலே பிறந்து, ஆறு வயதில் தாயையும் இழந்து, பாட்டனார் அப்துல் முத்தலிபிடமும், பின்னர் பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்த யதீம் அல்லவா? அநாதைக்கு முதலில் வேண்டியது தன் உறவு.

அதனாலேயே குஞ்சு பிழைத்தெழுந்த பின் நமக்கு இன்னொரு சோதனை உண்டு. பொரித்த தொடக்க நேரத்தில் காணும் உருவையே தாராக் குஞ்சு தாயென மனத்தில் பதித்துக்கொள்ளும். இத்தன்மையை ஆராய்ந்து விளக்கிய கொன்ராட் லோரன்ஸ் என்ற அறிஞர் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நம் காலைச் சுற்றி ஓடிவரும் குஞ்சைக் காண மகிழ்ச்சிதான். ஆனால் மனிதனையே தாயென நம்பிய பறவை, நாயையும் வேட்டைக்காரனையும் அஞ்சாமல் அழிந்து போகும். ஆகவே கொஞ்சி விளையாடுவதைக் குறைத்துக்கொள்வதே உண்மையான அன்பு.

உடவளவையில் 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையம் இதற்கு நல்ல முன்மாதிரி. தாயை இழந்த குட்டிகளுக்கு அங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கப்படுகிறது. மனிதரோடு பழகுவதோ இயன்றவரை குறைக்கப்படுகிறது. வளர்ந்தபின் தனியாக அன்றி, கூடி வளர்ந்த தோழர்களுடன் அவை காட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் காடேகியுள்ளன.

நம் குஞ்சுக்கும் அதுவே முடிவாக வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப் பறவைகளைக் காக்கிறது; அவற்றை வீட்டில் அடைத்து வளர்ப்பது நமக்குரியதன்று. எனவே குஞ்சு கிடைத்தவுடனேயே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்கள் காட்டும் வழியில் நடவுங்கள். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்குரியவளானாள் என்பதை புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களின் ஹதீஸ் எச்சரிக்கிறது. அங்கே குற்றங்கள் இரண்டு: உணவு மறுத்தது ஒன்று, விடுதலை மறுத்தது மற்றொன்று. முதலாவதைத் தவிர்த்துவிட்டோம் என்ற திருப்தியில் இரண்டாவதில் நாம் வீழ்ந்துவிடலாகாது.

தாய்மார்களே, தந்தையர்களே! உங்கள் பிள்ளை நாளை வயலிலிருந்து ஒரு குஞ்சைக் கையில் ஏந்தி வந்தால் ஏசி விரட்டாதீர்கள். அந்தப் பிஞ்சு உள்ளத்தில் அல்லாஹ் இட்ட ரஹ்மத் அது. குஞ்சு கிடைத்த இடத்துக்குப் பிள்ளையோடு நீங்களும் செல்லுங்கள். பெற்றோருக்காகக் காத்திருக்கவும், வராவிடில் காக்கவும், வளர்ந்தபின் விட்டுக்கொடுக்கவும் கற்றுக்கொடுங்கள். இன்று ஒரு பறவையின் யதீமுக்காக விழித்திருக்கும் பிள்ளை, நாளை மனிதரின் யதீமைக் கண்டு முகந்திருப்பாது.

வாயற்ற உயிர்களின் மொழியை விளங்கிக்கொள்ளும் உள்ளத்தையும், அமானிதத்தை உரிய இடத்தில் சேர்க்கும் பக்குவத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.