காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும்



இன்று உங்களோடு பேசப் போவது கப்சாயைப் பற்றி. ஆம், பெரட்டுக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் இறக்கவும் நம் தோட்டங்களில் இரண்டு தலைமுறையாக ஓடும் அதே கப்சாய்தான். ஹோண்டா நிறுவனம் 1958-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய 'கப்' வகை வண்டி, 2017-இல் 10 கோடி என்ற எண்ணிக்கையை எட்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வண்டியும் இவ்வளவு செய்யப்படவில்லை.

என் பழைய மாணவன் ஒருவன் ஜொகூர் தோட்டத்திலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறான். அவன் தகப்பனார் விட்டுச்சென்ற ஹோண்டா சி70 கப்தான் அவன் வண்டி. அதன் காற்று வடிகட்டிப் பெட்டி வெடித்துப்போய், உள்ளே இருந்த ரப்பர் குழாயும் இற்றுவிட்டது. அசல் பெட்டி கிடைக்கவில்லை. ஒரு கடையில், பெட்டியே இல்லாமல் கார்புரேட்டரின் வாயில் நேராக மாட்டும் உருண்டை வடிகட்டியை வாங்கி மாட்டிவிட்டான். முதல் இரண்டு நாள் வண்டி துள்ளிக்கொண்டு ஓடியதாம். மூன்றாம் நாளிலிருந்து தொல்லை.

"சார், தேக்காவில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அணைந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் முழுசாக முறுக்கினால் இழுவை இல்லை. இறங்கித் தொட்டால் எஞ்சின் கொதிக்கிறது" என்றான்.

இதைப் புரிந்துகொள்ள, ரப்பர் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, அளவு பார்த்துத்தானே திராவகம் கலப்பார்கள்? பால் கூடிய நாளில் திராவகத்தை நேற்றைய அளவிலேயே ஊற்றினால் பால் சரியாக உறையாது. கார்புரேட்டரும் அப்படிக் கலக்கிற இடந்தான். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். வேறு கணக்கில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. 200 லிட்டர் பீப்பாயில் 45 பீப்பாய்! பழைய பெட்டி எவ்வளவு காற்று விடும் என்பதைக் கணக்கிட்டே ஹோண்டாக்காரர்கள் ஜெட்டின் துளையை அமைத்தார்கள். தடையில்லாத வடிகட்டியை மாட்டியதும் காற்று கூடிவிட்டது. பெட்ரோல் பழைய அளவிலேயே நிற்கிறது. இப்படிப் பெட்ரோல் குறைந்த கலவை, அதிலும் முழு முறுக்கில் ஓடும்போது, எஞ்சினை அளவுமீறிச் சூடாக்கும். அசட்டையாக விட்டால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்; அதன் தலையில் ஓட்டை விழுவதும் உண்டு. பின்னால் லாரி வரும் சாலையில் அப்படி நடந்தால் பிஸ்டன் விலையோடு போகாது.

அவன் போகும் வழியே கார்புரேட்டரின் பாடத்தை நடத்துகிறது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையில் ஊர்ந்து நிற்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பது சின்ன ஜெட். அடுத்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் புக்கிட் தீமா விரைவுச்சாலை. அங்கே முழு முறுக்கு, அது பெரிய ஜெட்டின் வேலை. சிராங்கூன் சாலையில் பாதி முறுக்கில் போகும்போது, நடுவில் ஏறி இறங்கும் ஊசிதான் அளவு பார்க்கிறது. ஆகவே எந்த இடத்தில் வண்டி மக்கர் செய்கிறது என்று பார்த்தாலே எந்தப் பாகத்தில் குறை என்பது பாதி தெரிந்துவிடும்.

கார்புரேட்டரைப் பிரிக்குமுன் மற்றவற்றைப் பாருங்கள். அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் காற்றுக் கசிவு உண்டா? வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறிய நிலையில், இந்த வண்டிக்கு 0.05 மில்லிமீட்டர் இருக்கிறதா? இவை கெட்டிருந்தால் எத்தனை ஜெட் மாற்றினாலும் வீண். பழைய ஜெட்டின் எண்ணையும் திருகாணி எத்தனை சுற்று திறந்திருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பழையபடி திரும்ப அதுதான் வழி. பலர் இதைச் செய்யாமல் பிறகு விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெரிய ஜெட். அதன்மேல் பொறித்த எண் கூடக் கூடத் துளையும் பெரிது. ஒன்றிரண்டு எண் கூட்டிப் போட்டு, தேவையானால் குறைத்து வாருங்கள். கூடுதல் பெட்ரோல் புகையைத்தான் தரும். குறைந்த பெட்ரோல் பிஸ்டனையே எரிக்கும். சந்தேகம் வந்தால் ஓடும்போதே சோக்கைச் சற்று இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் பெட்ரோல் போதவில்லை. மேலும் திணறினால் பெட்ரோல் அதிகம். பிறகு, ஆளில்லாத தோட்டத்துச் சாலையில் முழு முறுக்கில் சிறிது தூரம் ஓட்டி, எஞ்சினை அணைத்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். சூடு பத்திரம். வெளிர் பழுப்பு நல்லது. கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல வெள்ளை என்றால் குறைவு. இந்தச் சோதனையை ஒருபோதும் விரைவுச்சாலையில் செய்யாதீர்கள்.

அடுத்தது ஊசி. கவ்வி மாட்ட வெட்டுகள் உள்ள ஊசியானால், கவ்வியை ஒரு வெட்டு கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும்.

கடைசியில் திருகாணி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மென்மையாக முடியும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் அதிக வேகமாகவும் சீராகவும் சுழலும் இடத்தில் விடுங்கள். திருகாணி வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றை அடைப்பது. உள்ளே திருகினால் கலவையில் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர்மாறு. இதை அறியாமல் திருப்புகிறவர்கள்தாம் அதிகம். இரண்டு கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில், இரண்டின் தகடுகளும் ஒரே நொடியில் உயர்கின்றனவா என்று கேபிளைச் சரிபார்த்த பிறகே இதில் இறங்க வேண்டும்.

பெட்ரோலை வேண்டிய மட்டும் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. சிங்கப்பூரில் பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு 2023 ஏப்ரல் 6 முதல் புகை விதி கடுமையாகிவிட்டது. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவானவை 2028 ஜூன் 30-க்குப் பின் அங்கே வழக்கம்போல் ஓட முடியாது. பழமை வாகனத் திட்டத்தில் சேர்ந்த 35 வயது கடந்த வண்டிக்கும் ஆண்டுக்கு 45 நாள்தான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அசல் பெட்டி கிடைத்தால் அதையே மாட்டுங்கள் என்பேன். உருண்டை வடிகட்டி மழைநீரையும் நம் செம்மண் தூசியையும் எளிதில் உள்ளே விடும். ஸ்பாஞ்சு வகையாக இருந்தால் கழுவி, எண்ணெய் தடவித்தான் மாட்ட வேண்டும். முன்பெல்லாம் தேக்காவிலிருந்து நடந்தே சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போய் இத்தகைய பாகங்களைத் தேடலாம். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அந்தச் சந்தையையும் மூடிவிட்டார்கள்.

என் மாணவன் பெரிய ஜெட்டை இரண்டு எண் கூட்டினான். ஊசியை ஒரு வெட்டு உயர்த்தினான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. இப்போது சிவப்பு விளக்கில் வண்டி அணைவதில்லை. வெடித்த பெட்டியை அவன் தாயார் தூக்கி எறியவில்லை. துடைத்துச் சமையலறைப் பலகைமேல் வைத்திருக்கிறார். எங்காவது அதுபோல ஒன்று கிடைத்தால் அளவு பார்க்க உதவுமாம்.